குறை எழுதும் தாள்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கிறது என்று வீட்டில் சொல்வார்கள். வீட்டில் என்றால் என் கணவர். அவரைத் தவிர அங்கே வேறு யாரும் இல்லை. இருபத்திரண்டு வருடமாக வீட்டுத் தரகு செய்கிறவளிடம், இனிமேல் வகுப்புக்குப் போய்ப் படித்து, பரீட்சை எழுதி, உரிமம் வாங்கினால்தான் ஒரு கதவைத் திறந்து காட்டலாம் என்று சொன்னால் யாருக்குத்தான் கோபம் வராது? அந்த அரசாங்கக் கடிதம் வந்த அன்றே அதை நாலாக மடித்து, ஆடிக்கொண்டிருந்த சாப்பாட்டு மேசையின் காலுக்கு அடியில் வைத்துவிட்டேன். மேசை ஆட்டம் நின்றது. அந்த மட்டில் கடிதத்தால் ஒரு நன்மை.

என் கணவர் பஸ் ஓட்டுகிறவர். மறுநாள் சாப்பிட்டுக்கொண்டே குனிந்து கடிதத்தை உருவி, எண்ணெய்க் கையோடு படித்தார். அறுபது மணி நேர வகுப்பு. பிறகு எழுத்துத் தேர்வு. அதற்குப் பிறகு களத் தேர்வு, அதற்கு இரண்டே வாய்ப்பு. வருடக் கடைசிக்குள் உரிமம் வாங்காத தரகர்கள் பலகையைக் கழற்றிவிட வேண்டும். என் கடைப் பலகைக்குப் பெயிண்ட் அடித்தது நானேதான். எழுத்துகள் எல்லாம் காற்றடிப்பது போல ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். அதைப் போய்க் கழற்றுவதா?

"நானும் லைசென்ஸ் வாங்கித்தானே பஸ் ஓட்டறேன்? ஆளுங்கள ஒரு மணி நேரம் ஏத்திட்டுப் போறவனுக்கே அது வேணும். ஆயுசுக்கும் ஒரு வீட்டுக்குள்ள ஏத்தி விடறவளுக்கு வேணாமா?" என்றார்.

பதில் சொல்ல முடியாதபடி பேசுகிறவர்களைக் கண்டால் எனக்கு இன்னும் எரிச்சல் வரும். ஆனாலும் மறுவாரம் பணம் கட்டி வகுப்பில் சேர்ந்துவிட்டேன்.

வகுப்பு நடந்தது ஒரு தையல் பயிற்சிக் கூடத்தின் மாடியில். தையல் மெஷின்களை எல்லாம் சுவரோரமாகத் தள்ளி, துணி போட்டு மூடியிருந்தார்கள். பெஞ்சுகளில் முப்பத்தொரு தரகர்கள். ஒருவரிடம் வீடு பார்க்க வந்த பார்ட்டியை இன்னொருவர் தட்டிக்கொண்டு போனவர்கள், வாசல் வரை வந்த பார்ட்டியிடம் இன்னொருவரைப் பற்றி வாய்க்கு வந்ததைச் சொன்னவர்கள். முதல் நாள் யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. என் பக்கத்து இடத்தில் வந்து உட்கார்ந்தவன் சாவிக்கொத்து. நாற்பது வயதுக்காரன், இடுப்பில் எப்போதும் ஒரு கொத்துச் சாவி குலுங்கும். அதில் பாதி எந்தப் பூட்டுக்கும் சேராது, பார்ட்டிக்கு நம்பிக்கை வருவதற்காகத் தொங்கவிட்டிருக்கிறான் என்பது எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். போன வருடம்தான் என்னிடம் வந்த ஒரு பல் டாக்டரை நடுவழியில் மடக்கிக்கொண்டு போனான். "அக்கா, பேனா ஒண்ணு எக்ஸ்ட்ரா இருக்குமா?" என்று கேட்டான். கொடுத்தேன். என்ன செய்வது, ஒரே பெஞ்ச்.

பாடம் எடுத்தவர் ஒரு வக்கீலம்மா. என்னைவிடப் பத்து வயது சின்னவர். உள்ளே வந்ததும் வணக்கம்கூடச் சொல்லவில்லை. இந்த அறையில் என்ன குறை என்று கேட்டார். முப்பத்தொரு பேரும் முந்திக்கொண்டு பதில் சொன்னோம். காற்று நன்றாக வருகிறது, பஸ் ஸ்டாப் பக்கத்திலேயே இருக்கிறது, மாடி என்பதால் தொந்தரவு இல்லை. அவர் கடைசி ஆள் வரை கேட்டார். பிறகு, படி செங்குத்தாக இருக்கிறது, ஜன்னல் மூடாது, குழாயில் தண்ணீர் வரவில்லை என்று மூன்றை எண்ணிக் காட்டிவிட்டு, "நான் கேட்டது குறையை" என்றார்.

சொன்னால் நம்பமாட்டீர்கள், எனக்கு அந்த வகுப்பு பிடித்துப்போனது. பத்திரத்தை எந்தப் பக்கத்திலிருந்து படிக்க வேண்டும், வில்லங்கம் எங்கே ஒளிந்திருக்கும், நாலு பேருக்குச் சொந்தமான வீட்டை ஒருவன் மட்டும் கையெழுத்துப் போட்டு விற்றால் என்ன ஆகும், இதெல்லாம் எனக்குக் கைப்பழக்கமாகத் தெரிந்தவைதான். ஆனால் ஏன் என்று தெரியாது. அந்த ஏன் ஒவ்வொன்றாகத் தெரியவரும்போது, இருட்டில் தடவிப் பழகிய வீட்டில் யாரோ விளக்கைப் போட்ட மாதிரி இருந்தது. எழுத்துத் தேர்வில் நூற்றுக்கு எண்பத்தெட்டு வாங்கினேன். என் கணவர் பஸ் டிப்போவில் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்திருக்கிறார். என் நாத்தனார் போன் செய்து, இந்த வயதிலும் அண்ணிக்குப் படிப்பு ஏறுகிறதே என்றாள். பாராட்டுகிறாளா, இடித்துக் காட்டுகிறாளா என்று அவளிடம் ஒருநாளும் கண்டுபிடிக்க முடியாது.

ஒரே ஒரு பாடம் மட்டும் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை. வீட்டில் தரகருக்குத் தெரிந்த குறையை, வாங்க வருகிறவர் கேட்காவிட்டாலும் சொல்லிவிட வேண்டும் என்ற பாடம். வக்கீலம்மா அதை விளக்கிக்கொண்டிருந்தபோது நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். இந்த ஊரில் எனக்குத் தெரியாத சந்து கிடையாது. ஆனால் ஒரு தெருவுக்குள் மட்டும் நான் ஒன்பது வருடமாகக் கால் வைத்ததில்லை. அதைத் தாண்டித்தான் போக வேண்டும் என்றால் சுற்றிக்கொண்டு போவேன். அந்தத் தெருவில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்காரருக்கு நான் ஒரு வீடு முடித்துக் கொடுத்தேன். நல்ல வீடுதான், பின்னறையின் வடக்குச் சுவரைத் தவிர. மழை வந்தால் அந்தச் சுவர் தரையிலிருந்து மூன்றடிக்கு ஊறிவிடும். நான் விற்கிறவரிடம் சொல்லிப் புதுப் பெயிண்ட் அடிக்க வைத்தேன். முன்னறையில் இருந்த, வீட்டோடு சேர்ந்தே வரும் பெரிய மர அலமாரியை நகர்த்தி அந்தச் சுவரை மறைத்து நிறுத்தினேன். வெயில் காலமாகப் பார்த்து, காலை பத்து மணிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். இதெல்லாம் எல்லோரும் செய்வதுதான் என்று இன்றைக்கும் வாதாடுவேன். ஆனால் அவர் மூக்கை உறிஞ்சி, "ரூம்ல என்னமோ வாசனை வருதே?" என்று கேட்டார். நான் அந்த அலமாரிமேல் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, "புதுப் பெயிண்ட் வாசனை சார்" என்றேன். மறைப்பது வேறு, கேட்ட மனிதனிடம் பொய் சொல்வது வேறு. முதல் மழைக்குப் பிறகு அவர் என் கடைக்கு வந்து சண்டை போடுவார் என்று காத்திருந்தேன். அவர் வரவே இல்லை. அதுதான் என்னை அரித்தது.

முதல் களத் தேர்வில் நான் தோற்றேன். ஒரு காலி வீட்டுக்குள் எங்களை விட்டு, ஒரு தாளைக் கையில் கொடுத்தார்கள். அதில் குறைகள் என்று ஒரு பெரிய கட்டம். நானும் மூச்சு விடாமல் எழுதினேன். திருத்தி வந்த தாளைப் பார்த்தபோது எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்தில் பட்டறைச் சத்தம் என்பதற்கு, 'எந்நேரமும் ஆள் நடமாட்டம் உள்ள பாதுகாப்பான இடம்' என்று எழுதியிருந்தேன். சமையலறை சின்னது என்பதற்கு, 'எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில்'. வெளிச்சமே வராத படுக்கையறைக்கு, 'பகலிலும் நிம்மதியாகத் தூங்கலாம்'. இருபத்திரண்டு வருடப் பழக்கம். கையே குறையை நிறையாகத் திருப்பி எழுதிவிடுகிறது. வக்கீலம்மா தாளின் கீழே, 'இந்த வீட்டை நான் வாங்கிக்கொள்கிறேன், ஆனால் உங்களுக்கு மதிப்பெண் இல்லை' என்று எழுதியிருந்தார்.

மிச்சம் ஒரு வாய்ப்பு. அதுவும் போனால் பலகை இறங்கிவிடும். மறுபடி எழுதுவதற்கு ஒரு வருடம் காத்திருக்க வேண்டும். ஐம்பத்தைந்து வயதில் ஒரு வருடம் கடையை மூடினால், வருகிற பார்ட்டியெல்லாம் சாவிக்கொத்தின் சாவிச் சத்தத்துக்குப் பின்னால் போய்விடும். அன்று சோறு இறங்கவில்லை.

என் கணவர்தான் ஒரு வழி சொன்னார். நம் வீட்டுக் குறைகளை எழுது என்றார். மூன்று வாரம், அவர் டியூட்டி முடிந்து வந்ததும் நான் தாளோடு அறை அறையாகப் போவேன். அவர் நாற்காலியைப் போட்டுக்கொண்டு நீதிபதி மாதிரி உட்கார்ந்திருப்பார். குளியலறைக் கதவு மழைக்கு இறுகிப்போகும் என்று எழுதினேன். 'அதனால் தனிமை கிடைக்கும்' என்று கை சேர்க்கப் பார்த்தது. அவர் தொண்டையைச் செருமினார். அடித்தேன். கடைசியில் பதினான்கு குறைகள், ஒன்றுக்கும் வால் இல்லாமல் எழுதி முடித்தேன். அவர் தாளை வாங்கி மேலிருந்து கீழே இரண்டு முறை படித்தார்.

"என்னைக் காணோமே," என்றார்.

"உங்கள வீட்டோட சேத்து விக்கமுடியாது. அதனால எழுதல," என்றேன். அன்றைக்கு நிம்மதியாகச் சாப்பிட்டோம்.

இரண்டாவது களத் தேர்வுக்கு எங்கள் நான்கு பேரை ஒரு வேனில் ஏற்றினார்கள். எந்த வீடு என்பதை முன்கூட்டிச் சொல்வதில்லை. வீட்டை விற்கப் போகிறவர்கள் யாராவது தேர்வுக்கு இடம் கொடுத்தால், நாங்கள் எழுதுகிற குறைகளை வைத்து, உரிமம் தரும் அலுவலகம் அவர்களுக்கு வீட்டின் நிலையைப் பற்றி ஒரு சான்று இலவசமாகத் தரும். அதைக் காட்டி அவர்கள் விற்கலாம். சாவிக்கொத்தும் வந்திருந்தான். முதல் தடவை காய்ச்சல் என்று அவன் வரவில்லை, அதனால் இது அவனுக்கு முதல் வாய்ப்பு. வேன் கடைத்தெருவைத் தாண்டியது. தபால் நிலையத்தைத் தாண்டியது. இடது பக்கம் திரும்பியது. அதே தெரு. அதே வீடு. கதவைத் திறந்தவர் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர்.

தலை நரைத்திருந்தது. அவர் ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு வந்தார். என்னிடம் வந்ததும் பார்வை நின்றது. "வாங்க" என்று மட்டும் சொன்னார்.

தேர்வாளராக வந்திருந்த வக்கீலம்மா தாளைக் கொடுத்தார். முதல் கேள்வி: இந்த இடத்தோடு உங்களுக்கு முன்பு தொடர்பு ஏதாவது உண்டா? உண்டு என்றால் தேர்வாளர் உங்களை விலக்கலாம், விலக்கினால் அதுவும் ஒரு வாய்ப்பாகக் கணக்கு என்று வகுப்பிலேயே படித்திருந்தோம். எனக்கோ இதுதான் கடைசி. சாவிக்கொத்து என் காதருகே குனிந்து, "அக்கா, 'இல்லை'ன்னு டிக் பண்ணிட்டுப் போயிட்டே இருங்க. போன மாசம் நான் மூணு பார்ட்டிக்கு இதே வீட்டக் காட்டினேன். நான் இல்லைன்னுதான் போட்டிருக்கேன்," என்றான். நான் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டு மற்றதை எழுத ஆரம்பித்தேன். கூரை ஓரத்தில் விரிசல். சமையலறைக் குழாய் ஒழுகுகிறது. இரண்டு ஜன்னலுக்குக் கொக்கி இல்லை. கை ஒழுங்காக எழுதியது. என் கணவர் அருகில் இருந்து செருமுவது போலவே இருந்தது.

கடைசியாகப் பின்னறை. மற்றவர்கள் பார்த்துவிட்டு வெளியே போயிருந்தார்கள். உள்ளே போனதும் அப்படியே நின்றுவிட்டேன். அதே மர அலமாரி, அதே வடக்குச் சுவரை மறைத்துக்கொண்டு நின்றது. சுவரில் புதுப் பெயிண்ட். கடைக்காரர் பக்கத்தில் நின்று, அலமாரிமேல் ஒரு கையைச் சும்மா ஊன்றியிருந்தார். ஒன்பது வருடத்துக்கு முன் நான் நின்றது அப்படியேதான். எனக்குக் கோபம் வரவில்லை. எனக்கே ஆச்சரியம். வெட்கம்தான் வந்தது, காது மடல் வரை சுட்டது. இந்த மனிதருக்கு இந்த வித்தையைக் கற்றுக்கொடுத்தவள் நான். இன்னொரு மனிதர் வந்து இங்கே நின்று மூக்கை உறிஞ்சப் போகிறார்.

எழுதினால் அவர் கையில் கிடைக்கிற சான்று கெடும். நான் ஒரு தடவை ஏமாற்றியவரின் காலை இரண்டாம் தடவையும் வாருவதாக ஆகும். அதனால் முதலில் அவரிடமே சொன்னேன்.

"சார், இத நான் எழுதத்தான் போறேன். ஆனா அலமாரிய அன்னைக்கு வச்சது நான்தான்னு மொதல்ல எழுதறேன். பெயிண்ட் வாசனைன்னு சொன்னது பொய். அன்னைக்கே தெரிஞ்சுதான் சொன்னேன்."

அவர் வாசல் பக்கம் பார்த்தார். "நீங்க எழுதினா என் வீடு விக்காதுங்க," என்றார்.

"எழுதினா என் லைசென்சும் போயிடும் சார். இது எனக்குக் கடைசித் தடவ."

அவர் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டார். அப்போதுதான் கேட்டேன், ஏன் அன்றைக்கு வந்து சண்டை போடவில்லை என்று. வந்தாராம். என் கடை வாசல் வரை வந்தாராம். உள்ளே நான் ஒரு வயதான தம்பதிக்கு டீ ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தேனாம். மூன்று பேரும் அவ்வளவு சந்தோஷமாகச் சிரித்துக்கொண்டிருந்ததைப் பார்த்ததும், கொண்டு வந்த கோபத்தை எங்கே இறக்கி வைப்பது என்று தெரியாமல் திரும்பிப் போய்விட்டாராம்.

"மழ வந்தா நானே இந்த ரூமுக்குள்ள வர்றதில்ல," என்றார். அலமாரியிலிருந்து கையை எடுத்தார். "சரி. வாங்க. ரெண்டு பேருமாச் சேந்தே தள்ளுவோம்."

தள்ளினோம். சத்தம் கேட்டு வக்கீலம்மா ஓடி வந்தார். பெயிண்டுக்கு அடியில் சுவர் கொப்புளம் கொப்புளமாக உப்பியிருந்தது. நான் அங்கேயே நின்று முதல் கேள்விக்கு 'உண்டு' என்று போட்டு, கீழே எழுதினேன்: 'ஒன்பது வருடங்களுக்கு முன் இந்த வீட்டை விற்றுக் கொடுத்தவள் நான். வடக்குச் சுவர், தரையிலிருந்து மூன்றடி, ஈரம். மறைத்தது நான்.' வால் எதுவும் சேர்க்கவில்லை. தாளைக் கொடுத்துவிட்டு வேனில் போய் உட்கார்ந்தேன். பலகையைக் கழற்றும்போது என் கணவரை ஏணி பிடிக்கச் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

வெளியே கடைக்காரர், சாவிக்கொத்து கிளம்புவதைப் பார்த்துவிட்டு, போன மாதம் கூட்டி வந்த அந்த மூன்றாவது பார்ட்டி என்ன சொன்னார்கள் என்று அவனிடம் வெள்ளந்தியாகக் கேட்டார். வக்கீலம்மா பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். சாவிக்கொத்தின் சாவிகள்கூட அன்று குலுங்கவில்லை. 'இல்லை' என்று போட்டதால் அந்த வாய்ப்பு அவனுக்குப் போனது, அடுத்த மாதம் இன்னொன்று இருந்தது. அதில் தேறிவிட்டான், பாவம், இடுப்பில் பாதிச் சாவிகளோடு.

வேன் கிளம்பும் முன் வக்கீலம்மா என் ஜன்னலருகே வந்தார். "விலக்கலாம்னுதான் விதில இருக்கு, விலக்கணும்னு இல்ல. அந்த மொதல் கேள்விக்குப் பொய் சொன்னாத்தான் ஃபெயில்," என்றார். "நீங்க பாஸ்." நான் அழுதேன். வேன் டிரைவர் உட்பட எல்லோரும் பார்த்தார்கள், பார்க்கட்டும்.

உரிமத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கடையில் மாட்டினோம். என் கணவர் அதைத் தன் ஓட்டுநர் உரிமத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து, போட்டோவில் தான்தான் அழகு என்றார். நான் மறுக்கவில்லை, எனக்கு அவ்வளவு நல்ல மனநிலை. பலகையில் சாய்ந்த எழுத்துக்குக் கீழே உரிம எண்ணையும் சேர்த்தேன். அதுவும் சாய்ந்துதான் வந்தது.

பத்து நாள் கழித்து மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் என் கடைக்குள் வந்தார். டீ ஊற்றிக் கொடுத்தேன். வீட்டை நானே விற்றுத் தர வேண்டும் என்றார். சான்று கெட்டுப் போனதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. சுவரையும் சேர்த்தே காட்டுங்கள் என்று மட்டும் சொன்னார்.

முதல் பார்ட்டி ஒரு மாமியாரும் மருமகளும். வேண்டுமென்றே மழை பெய்த மறுநாள் வரச் சொன்னேன். சுற்றிக்கொண்டு போகாமல், நேராக அந்தத் தெருவுக்குள் நடந்தேன். அலமாரி முன்னறைக்குப் போயிருந்தது. மருமகள் போனில் பேசிக்கொண்டே வந்தாள். குறை எழுதிய தாளைக் கொடுத்தபோது படிக்காமல் மடித்துப் பையில் போட்டுக்கொண்டாள். மாமியார் பின்னறைக்குள் காலை வைத்ததும் நின்று மூக்கை உறிஞ்சினார்.

"ரூம்ல என்னமோ வாசனை வருதே?" என்றார்.

முன்பு இதே இடத்தில் இதையே கேட்டவர், இப்போது எனக்குப் பின்னால் கதவோரம் நின்றுகொண்டிருந்தார். நான் திரும்பி அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டேதான் பதில் சொன்னேன்.

"ஈர வாசனைங்க," என்றேன். "வடக்குச் சுவர் ஊறும்."